கண்ணாடியும் மெழுகுவர்த்தியும்

நள்ளிரவில் ஓர் இளம்பெண் கையில் மெழுகுவர்த்தியை ஏந்திக் கண்ணாடியின் முன் நிற்கிறாள். அவளுடைய தோளுக்குப் பின்னால், கண்ணாடியின் மங்கிய பரப்பில், அவள் இன்னும் அறியாத ஓர் இளைஞனின் முகம் தோன்றுகிறது. ஓரங்களில் பரங்கிக்காய் விளக்குகள் பல்லைக் காட்டிச் சிரிக்க, ஒரு கருப்புப் பூனை முதுகை வளைத்து நிற்க, மேலே பொன் வர்ணத்தில் ஹாலோவீன் வாழ்த்து பொறிக்கப்பட்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தபால் பைகளில் ஏராளமாகப் பயணம் செய்த இவ்வகைச் சித்திர அட்டை ஒன்றை அந்நாட்டுச் சிறுமியிடம் இன்று காட்டினால், பூனையையும் பரங்கிக்காயையும் அவள் உடனே இனங்கண்டுகொள்வாள். அந்தப் பெண் கண்ணாடியில் எதைத் தேடுகிறாள் என்பது மட்டும் அவளுக்கு விளங்காது. ஹாலோவீன் என்பது மாறுவேஷம் பூண்டு வீடு வீடாகச் சென்று மிட்டாய் வாங்கும் நாள் என்றே அவள் அறிவாள். அவளுடைய தாயும் பாட்டியும் அறிந்ததும் அதுவே. அந்தக் காலத்து அட்டைகளிலோ மிட்டாய்க்காக அயலார் வீட்டுப் படியேறும் குழந்தையைக் காண்பது மிக மிக அரிது. பெயரும் தேதியும் அடையாளச் சின்னங்களும் அப்படியே இருக்க, பண்டிகையின் உட்பொருள் முழுவதும் இரண்டு தலைமுறைக்குள் வேறாகிவிட்டது. அந்த மாறுதலுக்கு ஒரு சென்ட் தபால் தலையோடு சென்ற இந்த அட்டைகளைவிட நம்பத்தகுந்த சாட்சி வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

பண்டிகையின் பூர்வ சரித்திரத்தைச் சுருங்கச் சொல்லலாம். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த கெல்டிய மக்கள், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் சந்திப் பொழுதைச் சாவின் என்ற பெயரால் கொண்டாடிவந்தனர். இவ்வுலகுக்கும் மறுவுலகுக்கும் இடையிலுள்ள கதவு அன்றிரவு திறந்திருக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. கிறிஸ்தவத் திருச்சபை நவம்பர் 1ஆம் தேதியைச் சகல புனிதர்களின் திருநாளாக ஏற்படுத்தி, ஒன்பதாம் நூற்றாண்டில் போப் நான்காம் கிரகோரியின் காலத்தில் அதை மேற்கு ஐரோப்பாவில் பரவலாக்கியபோது, அதற்கு முந்திய இரவான அக்டோபர் 31 பழைய நம்பிக்கைகளுக்குப் புகலிடமாக நின்றுவிட்டது. இவ்வளவுக்கு மேல் பண்டைக் காலத்தைப் பற்றி உறுதியாகப் பேசுவதற்கு ஆதாரம் குறைவு. ஆதாரம் மிகுந்து கிடைப்பது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

ஸ்காட்லாந்தின் மகாகவி ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் இந்தப் பண்டிகையின் பெயராலேயே ஒரு நெடுங்கவிதை இயற்றினார். மறு ஆண்டு கில்மார்னக் என்னும் ஊரில் அச்சான அவருடைய முதல் தொகுதியில் அது இடம்பெற்றது. குடியானவர்களின் சடங்குகள் நகரத்துப் படிப்பாளிகளுக்குப் புரியாமல் போய்விடுமே என்ற கவலையால், அவரே அடிக்குறிப்புகளில் அவற்றை ஒவ்வொன்றாக விளக்கிவைத்தார். இளைஞரும் கன்னியரும் கண்களை மூடிக்கொண்டு தோட்டத்துக்குச் சென்று கோசுச் செடி ஒன்றை வேரோடு பிடுங்குவார்கள். தண்டு நேரானதா கோணலானதா என்பதைக் கொண்டு வரப்போகும் துணையின் தோற்றத்தையும், வேரில் ஒட்டிய மண்ணைக் கொண்டு சீதனத்தின் அளவையும், தண்டின் உட்சதையைச் சுவைத்து அந்தத் துணையின் குணத்தையும் கணிப்பார்கள். அடுப்புத் தணலில் இரண்டு கொட்டைகளை இரண்டு பேர் பெயரால் இடுவார்கள்; அவை அமைதியாகச் சேர்ந்து எரிந்தால் இல்லறம் இனிது நடக்கும், ஒன்று வெடித்துத் துள்ளி விலகினால் அந்தக் காதல் கைகூடாது. ஒன்றில் சுத்தமான நீர், ஒன்றில் அழுக்கு நீர், ஒன்று வெறுமை என்றபடி மூன்று கிண்ணங்களை வரிசையாக வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவன் எதில் கை வைக்கிறானோ அதன்படி அவனுக்குக் கன்னிப் பெண்ணோ, கைம்பெண்ணோ வாய்ப்பாள், அல்லது கலியாணமே வாய்க்காது. மெழுகுவர்த்தியோடு தனியே கண்ணாடியின் முன் சென்று ஆப்பிள் தின்னும் பெண்ணுக்கு, வருங்காலக் கணவனின் முகம் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கும் என்பதும் அந்தக் குறிப்புகளில் உள்ளதே. இந்த ஜோஸ்யங்களையெல்லாம் ஒருசேரப் பார்க்கும்போது, ஹாலோவீன் இரவின் நடுநாயகமாக இருந்தவர்கள் மணப்பருவத்து இளைஞர்களும் பெண்களும் என்பது ஐயமின்றிப் புலனாகிறது. பேயும் பிசாசும் அங்கே இருந்தன. ஆயினும் அவை ஒரு பெண்ணின் நெஞ்சிலிருந்த கேள்விக்குப் பதில் சொல்லவே வந்தன.

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தினால் லட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவில் குடியேறியபோது இந்த வழக்கங்களும் அவர்களோடு கப்பலேறின. ஸ்காட்லாந்தியர் முன்பே கொண்டுவந்தவையும் அவற்றோடு கலந்தன. தாயகத்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், புதிய நாட்டில் அதைவிடப் பெரிதாகவும் குடைவதற்கு எளிதாகவும் பரங்கிக்காய் விளைவதைக் கண்டு அதையே எடுத்துக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க மாதர் பத்திரிகைகள் ஹாலோவீன் விருந்தைப் பற்றி எழுதத் தொடங்கின. தணலில் வெடிக்கும் கொட்டையும், தொட்டித் தண்ணீரில் மிதக்கும் ஆப்பிளை வாயால் கௌவும் விளையாட்டும், அறாமல் உரித்த ஆப்பிள் தோலைத் தோளுக்குப் பின்னால் எறிந்து அது விழுந்த வடிவில் காதலனின் முதலெழுத்தைத் தேடும் வேடிக்கையும், குடிசைகளை விட்டு நடுத்தர வர்க்கத்தாரின் வரவேற்பறைகளுக்குள் நுழைந்தன. பயம் கலந்த நம்பிக்கை சிரிப்பு கலந்த நம்பிக்கையாக மாறியது. இந்தக் கட்டத்தில்தான் வாழ்த்து அட்டை வந்து சேர்கிறது.

அட்டையின் பிறப்புக்குத் தபால் சட்டமே தாய். ஆஸ்திரிய-ஹங்கேரியத் தபால் இலாகா 1869 அக்டோபர் 1ஆம் தேதி உலகின் முதல் அரசாங்கத் தபால் அட்டையை வெளியிட்டது. அமெரிக்கா 1873இல் அதைப் பின்பற்றியது. நம் நாட்டுக்குக் காலணாக் கார்டு 1879இல் வந்தது. அமெரிக்காவில் அரசாங்க அட்டைக்கு ஒரு சென்ட் போதுமாயிருக்க, தனியார் அச்சிட்ட அட்டைக்குக் கடிதத்துக்குரிய இரண்டு சென்ட் கேட்டார்கள். 1898 மே மாதத்துச் சட்டம் அந்த வேற்றுமையை நீக்கியது. ஆயினும் அட்டையின் பின்புறத்தில் விலாசத்தைத் தவிர வேறொன்றும் எழுதலாகாது என்ற விதி நீடித்ததால், சொல்ல வேண்டியதைச் சித்திரத்தின் ஓரத்திலும் வானத்திலும் நெருக்கி எழுதவேண்டியிருந்தது. 1907 மார்ச் 1 முதல் பின்புறத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்து இடப்பாதியில் செய்தி எழுத அனுமதி கிடைத்த பிறகே, சித்திரம் கறைபடாமல் முழுப்பக்கத்தையும் பெற்றது. 1896 முதல் கிராமத்துப் பண்ணைவீடுகளுக்கும் தபால் நேரில் வரத் தொடங்கியிருந்தது இந்த மோகத்தை ஊர்தோறும் கொண்டுசென்றது. 1908 ஜூன் 30உடன் முடிந்த ஆண்டில் அமெரிக்கத் தபால் இலாகா சுமந்த அட்டைகள் 67 கோடியே 77 லட்சத்துக்கு மேல். அந்நாட்டின் அன்றைய ஜனத்தொகை ஒன்பது கோடிக்கும் குறைவு. கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் அந்தப் பெருக்கில் பெரும்பங்கு கொண்டன என்றாலும், வர்ண அழகில் ஹாலோவீன் அட்டைகளே சிறந்தவை என்று சேகரிப்பாளர்கள் பின்னாளில் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பு சரியென்றே எனக்கும் தோன்றுகிறது.

அமெரிக்கர் வாங்கி அமெரிக்கருக்கே அனுப்பிய இந்த அட்டைகளில் மிகச் சிறந்தவை ஜெர்மனியில் அச்சானவை. கல்லச்சைக் கண்டுபிடித்த அலாய்ஸ் செனஃபெல்டர் பவேரியாவில் உழைத்தவர். அந்தத் தொழிலுக்கு ஏற்ற வழவழப்பான சுண்ணாம்புக்கல் அதே நாட்டின் ஸோல்ன்ஹோஃபன் சுரங்கங்களில் கிடைத்தது. ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனிக்கல்லில் சித்திரம் தீட்டி, ஒரே தாளைப் பல கற்களின்மேல், மயிரிழையும் விலகாமல் அடுத்தடுத்துப் பதித்து, உலர்ந்த பின் பொன்பூச்சும் மெருகும் ஏற்றி, கடைசியில் அச்சுவார்ப்பினால் அழுத்திப் பரங்கிக்காயின் கன்னமும் பூனையின் முதுகும் விரலுக்குத் தட்டுப்படும்படி புடைக்கச் செய்தார்கள். இத்தனை கைகளின் உழைப்பில் உருவான பொருளைக் கடையில் ஓரிரண்டு சென்ட்டுக்கு விற்க முடிந்தது என்பதை நினைக்க இன்றும் பிரமிப்பாக இருக்கிறது. தமிழ் வாசகருக்கு இந்தத் தொழில் அந்நியமன்று: ரவி வர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சுக்கூடம் ஜெர்மானிய யந்திரங்களையும் ஜெர்மானியத் தொழிலாளரையும் நம்பியே நடந்தது, பின்னர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கே கைமாறியது. நம் பாட்டிமார் சட்டமிட்டுப் பூஜையறையில் மாட்டிய லக்ஷ்மியும் சரஸ்வதியும், மின்னசோட்டாவில் ஒரு பண்ணைப்பெண் தன் தோழிக்கு அனுப்பிய சூனியக்காரியும், ஒரே கைத்தொழில் மரபில் பிறந்தவர்கள்.

அட்டைகளை வரைந்தவர்களுள் இருவரைப் பற்றியாவது சொல்லியாகவேண்டும். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஸ்டேபிள்டன் என்னுமிடத்தில் தொழில் நடத்திய ஜான் வின்ஷ் என்ற பிரசுரகர்த்தர், 1911 முதல் 1915 வரை வெளியிட்ட ஹாலோவீன் வரிசைகளே இக்கலையின் சிகரம் என்று கருதப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை வரைந்தவர் சாமுவேல் ஷ்முக்கர், 1879இல் பிறந்து 1921இல் மறைந்த சித்திரக்காரர். அந்த அட்டைகளில் அவருடைய பெயர் காணப்படுவதில்லை. அவர் மறைந்து வெகுகாலத்துக்குப் பின்னர், அவர் வரையும் பெண்முகத்தின் சாயலைக்கொண்டே சேகரிப்பாளர்கள் அவரை இனங்கண்டார்கள். அவருடைய சூனியக்காரி கூனிக் குறுகிய கிழவி அல்லள். நீண்ட அங்கி அலைபாய, மயக்கும் விழிகளோடு நிலவின்மேல் சாய்ந்திருக்கும் பேரழகி. மற்றவர் எல்லென் கிளாப்ஸாடில் என்ற அம்மையார். 1865இல் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, இன்டர்நேஷனல் ஆர்ட் பப்ளிஷிங் கம்பெனிக்காக எல்லாப் பண்டிகைகளுக்குமாக ஆயிரக்கணக்கான அட்டைகளை வரைந்தவர். பரங்கிக்காய் விளக்கைப் பிடித்த குழந்தையின் கையைத் தனியே வெட்டி இணைத்து, அது மேலும் கீழும் அசையும்படி அவர் அமைத்த நான்கு ஹாலோவீன் அட்டைகளைச் சேகரிப்பாளர்கள் இன்று நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். அவரோ, முதல் உலக யுத்தம் அந்த ஜெர்மானிய வர்த்தகத்தை அழித்தபின், முதுமையில் வறுமையுற்று, 1934இல் நியூயார்க்கின் முதியோர் இல்லம் ஒன்றில் காலமானார். லண்டனின் ராஃபேல் டக் கம்பெனியும் அமெரிக்கச் சந்தைக்கென்று ஹாலோவீன் வரிசைகளை வெளியிட்டது. 1940 டிசம்பர் 29ஆம் தேதி இரவு ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டுகளில் அதன் மாளிகையும் அங்கிருந்த மூலச் சித்திரங்களும் எரிந்து சாம்பலாயின. மூலம் அழிய, பண்ணைவீடுகளின் பரணில் கிடந்த மலிவுப் பிரதிகள் பிழைத்தன.

இந்த அட்டைகளை நிதானமாகப் பார்ப்பவருக்கு முதலில் வியப்பூட்டுவது அவற்றிலுள்ள காய்கறித் தோட்டம். பரங்கிக்காய்த் தலையும் சோளக்கதிர் உடம்புமாக ஒரு கனவான் நடந்துவருகிறார். சுரைக்காயும் டர்னிப்பும் கைகால் முளைத்து நடனமாடுகின்றன. இது வெறும் வேடிக்கைச் சித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அறுவடைத் திருநாளின் நினைவு அக்காலத்தவர் மனத்தில் இன்னும் மங்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆரஞ்சும் கருப்பும் மட்டுமே ஹாலோவீன் வர்ணங்கள் என்ற நியதியும் அன்று உறுதிப்படவில்லை. சிவப்பு அங்கி அணிந்த சூனியக்காரிகளும் பச்சை, ஊதாப் பின்னணிகளும் சர்வசாதாரணம். பையன்கள் அயலார் வீட்டு வேலிக்கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு ஓடும் காட்சிகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணாடி, மெழுகுவர்த்தி, ஆப்பிள், தணலில் இட்ட கொட்டை ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. பர்ன்ஸ் விவரித்த ஸ்காட்லாந்துச் சமையலறை, ஒரு நூற்றாண்டைத் தாண்டி, ஜெர்மானியக் கல்லின் வழியாக, அமெரிக்கத் தபால் பெட்டியில் வந்து விழுந்தது.

இந்தச் செழிப்பு நீடிக்கவில்லை. உள்நாட்டு அச்சுக்கூடங்களின் வேண்டுகோளுக்கிணங்கி 1909 ஆகஸ்டில் அமெரிக்கா இறக்குமதி அட்டைகளின்மேல் சுங்கவரியை உயர்த்தியது. அதை எதிர்பார்த்து வியாபாரிகள் முன்கூட்டியே வாங்கிக் குவித்த சரக்கு கடைகளில் தேங்கி விலை சரிந்தது. 1914இல் மூண்ட யுத்தம் ஜெர்மனியின் கற்களைக் கடலுக்கப்பால் நிறுத்திவிட்டது. ரசனையும் அதற்குள் மாறத் தொடங்கியிருந்தது. 1910இல் பதினெட்டு வயது இளைஞர் ஜாய்ஸ் ஹால், காலணிப் பெட்டிகளில் தபால் அட்டைகளை நிரப்பிக்கொண்டு கான்ஸாஸ் நகரத்தில் வந்திறங்கினார். சில ஆண்டுகளில், மடித்து உறைக்குள் இடும் அட்டைக்கே எதிர்காலம் என்று உணர்ந்து, 1915இல் தீவிபத்தொன்றில் சரக்கெல்லாம் இழந்தபின் சொந்தமாக அச்சிடத் தொடங்கினார். அந்தத் தொழில்தான் ஹால்மார்க் என்ற வாழ்த்து அட்டைக் கம்பெனி.

அட்டை மறைந்த அதே ஆண்டுகளில் பண்டிகையும் வேறு வழியில் திரும்பியது. வேலிக்கதவைக் கழற்றிய குறும்பு, நகரங்கள் பெருகியபின், ஜன்னலை உடைப்பதும் சொத்தைச் சேதப்படுத்துவதுமாக வளர்ந்தது. இளைஞரின் கவனத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டி, மின்னசோட்டாவின் அனோகா நகரத்தார் 1920இல் ஹாலோவீன் ஊர்வலமும் விருந்தும் ஏற்பாடு செய்தார்கள்; பிற ஊர்ப் பெரியவர்கள் பலர் அவ்வழியைப் பின்பற்றினர். அலங்காரக் காகிதம் செய்த டென்னிஸன் கம்பெனி, வீட்டில் ஹாலோவீன் விருந்து நடத்தும் முறையை விளக்கும் சிறுபுத்தகங்களை 1909இல் தொடங்கிப் பல ஆண்டுகள் வெளியிட்டது. பண்டம் தராவிட்டால் குறும்பு செய்வோம் என்று குழந்தைகள் கதவைத் தட்டும் வழக்கம் 1920களில் கனடாவின் மேற்குப் பிரதேசப் பத்திரிகைகளில் தென்பட்டு, 1930களில் அமெரிக்காவின் பல ஊர்களுக்குப் பரவியது. அடாவடியை இனிப்பால் தணிக்கும் இந்த ஏற்பாடு இருதரப்புக்கும் திருப்தியளித்தது. இரண்டாம் உலக யுத்தத்தின் காரணமாக 1942 முதல் 1947 வரை சர்க்கரைப் பங்கீடு நடந்ததால் அது சற்றே தயங்கி நின்றது. பங்கீடு நீங்கி, வரிசை வரிசையாகப் புறநகர் வீடுகள் எழுந்ததும், தேசிய வழக்கமாயிற்று. 1950இல் ஃபிலடெல்ஃபியாவில் அந்தச் சுற்றையே யுனிஸெஃப் நிதிக்காகக் காசு திரட்டும் தர்மகாரியமாகவும் மாற்றினார்கள்.

மிட்டாய் கேட்கும் இச்சுற்று ஆதிகாலம் முதல் அறாமல் வந்த கெல்டிய மரபு என்று பலர் எழுதுகிறார்கள். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பிள்ளைகள் முகம் மறைத்து வீடு வீடாகச் சென்றது உண்மையே. எனினும், அக்டோபர் மாதத்தின் ஒவ்வொரு சிறு பழக்கத்தையும் தேடித்தேடி வரைந்த சித்திரக்காரர்கள் இதொன்றை மட்டும் அனேகமாக வரையாமல் விட்டார்கள் என்றால், அவர்கள் வாழ்ந்த அமெரிக்காவில் அது ஹாலோவீனின் அங்கமாக இருக்கவில்லை என்பதே நேர்மையான முடிவு. அதே காலத்தில் நியூயார்க்கில் குழந்தைகள் கந்தலும் முகமூடியும் அணிந்து தெருவில் காசும் பழமும் கேட்டுத் திரிந்தது நவம்பர் மாத நன்றியறிதல் நாளில். 1930களில் அந்த வழக்கம் தேயத் தொடங்கியது, ஏறக்குறைய அதே வேளையில் முகமூடியும் யாசகமும் ஹாலோவீனில் வேரூன்றின. காதல் ஜோஸ்யமோ எந்தப் பண்டிகையிலும் புகலிடம் பெறாமல் போயிற்று. பெண்கள் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் சென்று தம் துணையைத் தாமே கண்டறியத் தலைப்பட்டபின், தணலிலிட்ட கொட்டையிடம் கேட்பதற்கு அவர்களுக்கு என்ன இருந்தது?

நியூயார்க் பொது நூலகம் முதலிய ஸ்தாபனங்கள் இந்த அட்டைகளை இன்று பாதுகாக்கின்றன. சேகரிப்பாளர்களின் சித்திரப் புத்தகங்களும் பல உண்டு. ஆயினும் அவற்றில் பெரும்பாலானவை முன்பக்கத்தோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய நான்கு வரிகள், உடம்பு தேறியதா, சோளம் அறுத்தாயிற்றா, விருந்துக்கு வருவாயா, கடிதம் ஏன் எழுதவில்லை என்ற விசாரணைகள், பண்டிகையை யார் யாருக்காகக் கொண்டாடினார்கள் என்பதைச் சித்திரத்தைவிட நேராகச் சொல்கின்றன. நம் வீடுகளிலும் பழைய டிரங்குப் பெட்டிகளில் பொங்கல் வாழ்த்து அட்டைகள் கிடக்கின்றன. அவற்றை அனுப்பும் வழக்கமும் ஏறத்தாழ மறைந்துவிட்டது. அவற்றைக் கண்டெடுக்கும் வாசகர்கள், தபால் தலைக்காக மூலையை வெட்டிக்கொண்டு மீதியை எறிந்துவிடாமல், முத்திரையும் தேதியும் கையெழுத்தும் சிதையாதபடி முழு அட்டையாகவே வைத்திருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.